புதுப்பிப்பு: அக்காவின் மார்பக மறுசீரமைப்பு

புற்றுநோய்க்காக மார்பகம் எடுத்த அக்காவுக்கு மறுசீரமைப்பு செய்யலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். செய்தாகிவிட்டது, அடிவயிற்றுத் தோலும் கொழுப்பும் எடுத்துப் புது மார்பு அமைத்து.

அக்கா இலங்கையில் ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். கூடையைத் தலையில் மாட்டினால் வயிறு இழுக்கிறதாம், அதனால் இப்போதைக்குப் பாரம் தூக்குவதில்லை. புது மார்பில் உணர்ச்சி மிகக் குறைவு. வெந்நீரைக் கையால் தொட்டுப் பார்த்துத்தான் ஊற்றுகிறாள். இதை டாக்டர்கள் முன்கூட்டியே அழுத்திச் சொல்ல வேண்டும்.

ஆனால் சட்டைக்குள் துணி சுருட்டி வைப்பது நின்றுவிட்டது. எல்லாரும் குளிக்கும் பீலிக்கரையில் மற்றவர்களோடு நின்று குளிக்கிறாள்! எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம். மார்பக அறுவை சிகிச்சை பற்றிய ஆய்வுகளில் பயன்படுத்தும் பிரெஸ்ட்-கியூ கேள்வித்தாளும் தோற்றத்தோடு நிற்காமல் மனநிலை, உடல் வசதி, தாம்பத்தியம் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கேட்கிறது. அப்படித்தான் கேட்கவும் வேண்டும்.

அப்புறம், முலைக்காம்பு அமைப்பது பற்றிக் கேட்டவர்களுக்கு: அவசரமில்லை என்கிறாள்.