அசனம் இனி பார்சல்தானா?

தேரிமணல்:
எங்கள் ஊர் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. நாசரேத் பக்கம், தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த சின்ன சபை. கொரோனாவுக்கு முன்பு கோயில் வளாகத்தில் பந்தல் போட்டு, எல்லாரும் தரையில் உட்கார்ந்து அசனம், அதாவது சபையின் பொது விருந்து, சாப்பிடுவோம். நோய்க் காலத்தில் பார்சல் கொடுத்தார்கள், யாரும் குறை சொல்லவில்லை. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. இந்த வருடம் கமிட்டி இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. குடும்பத்துக்கு ஒரு டோக்கன், சபைச் சந்தா பாக்கி இருந்தால் டோக்கன் கிடையாது. போன வருடம் வாசலில் பார்சலை வாங்கிக்கொண்டு ஆட்கள் பைக்கில் திரும்பிப் போவதைப் பார்த்தேன். பெட்ரோல் பங்க் மாதிரி இருந்தது. இதற்கு அசனம் என்று பெயர் வைக்க வேண்டுமா?

கணக்குப்பிள்ளை:
தம்பி, நான் எங்கள் சேகரத்தில் (சில சபைகள் சேர்ந்த வட்டம்) ஆறு வருடம் பொருளாளராக இருந்தவன். உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்கு அசனம் இனிக்கும், நடத்தியவனைக் கேளுங்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஆடு உரிக்க ஆரம்பித்தால் காலையில் ஆராதனை மணி அடிக்கும்போதும் அடுப்படியில்தான் நிற்போம். பண்டிகைப் பிரசங்கம் ஒன்றைக்கூட நான் முழுதாகக் கேட்டதில்லை. முதல் பந்தி உட்காருவதற்குள் மூன்று தூக்குவாளியோடு பின்பக்கம் வந்து நிற்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கடைசிப் பந்திக்கு வெறும் குழம்புதான் மிஞ்சும். ஒரு வருடம் "என் இலையில் எலும்புதான் விழுந்தது" என்று தொடங்கிய சண்டை காவல் நிலையம் வரை போனது. பார்சல் வந்த பிறகு ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடிகிறது, எல்லாருக்கும் ஒரே அளவு.

சந்தா விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பாக்கிக்காரன் என்றதும் ஏழை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் பாக்கிப் பட்டியலில் முதல் பெயர் இரண்டு மாடி வீட்டுக்காரர். ஓலை வீட்டு ஆச்சி மாதம் தவறாமல் கட்டுகிறாள், சபைக்கென்று பிடி பிடியாக எடுத்துவைத்த பிடியரிசியும் தனியாகக் கொண்டுவருகிறாள்.

பணம் மட்டும் அனுப்புகிறவன்:
துபாயிலிருந்து எழுதுகிறேன். வருடாவருடம் ஒரு ஆட்டுக்கு என் பணம் போகிறது. யூடியூபில் நேரலை போட்டால் ஆராதனையைப் பார்த்துவிடலாம், அசனத்தை எப்படிப் பார்ப்பது? அவ்வளவுதான் என் கருத்து.

பெத்தேல் சகோ:
பிரதர்ஸ், தப்பாக நினைக்க வேண்டாம். வருடத்தில் ஒரு நாள் ஆட்டுக்கறி சாப்பிடுவதுதான் உங்கள் ஐக்கியமா? நாங்கள் வெள்ளிக்கிழமை தோறும் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கிறோம். ஒருவருக்கு வேலை போனால் அந்த வாரமே எல்லாருக்கும் தெரியும். பண்டிகை, பந்தல், மைக் செட் எல்லாம் மனுஷ பாரம்பரியம். ஆதித் திருச்சபையில் இதெல்லாம் கிடையாது.

தேரிமணல்:
சகோ, உங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி எனக்கு மதிப்பு உண்டு, எங்களிடம் அது குறைவு என்பதும் உண்மை. ஆனால் ஆதித் திருச்சபை என்கிறீர்களே, அப்போஸ்தலர் 2:42-ஐ எடுத்துப் பாருங்கள். உபதேசம், அந்நியோந்நியம், அப்பம் பிட்குதல், ஜெபம்பண்ணுதல் என்று நான்கு இருக்கிறது. நீங்கள் முதலாவதையும் நான்காவதையும் பிடித்துக்கொண்டீர்கள். கொரிந்து சபையில் ஒருவன் பசியோடும் ஒருவன் குடிவெறியோடும் இருந்ததைப் பவுல் கண்டித்தார் அல்லவா? அங்கேயும் பந்தியில்தான் பிரச்சினை. அப்போது அவர் பந்தியை நிறுத்தச் சொல்லவில்லை, ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கச் சொன்னார். கணக்குப்பிள்ளை அண்ணாச்சிக்கும் இதுதான் என் பதில்.

கணக்குப்பிள்ளை:
நீங்கள் சொன்ன அதே 1 கொரிந்தியர் 11-ஆம் அதிகாரத்தில் "புசிக்கிறதற்கும் குடிக்கிறதற்கும் உங்களுக்கு வீடுகள் இல்லையா?" என்றும் பவுல் கேட்கிறார். அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? பார்சலுக்கு ஆதாரமே அந்த வசனம்தான்.

கீழத்தெரு மருமகள்:
நான் இரண்டு நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இரண்டு பக்கமும் ஒரு விஷயத்தைத் தொடாமலே பேசுகிறீர்கள். "எல்லாரும் தரையில் உட்கார்ந்து" என்று தேரிமணல் எழுதியிருக்கிறார். எல்லாருமா? என் மாமியாரின் ஊரில் கீழத்தெருக்காரர்களுக்குப் பந்தலின் கடைசியில் தனி வரிசை. யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை, எல்லாருக்கும் எங்கே உட்கார வேண்டும் என்று தெரிந்திருந்தது. பார்சல் வந்தபோது மாமியார் சொன்னது: "இப்பதான் எனக்கும் அவங்களுக்கும் ஒரே டப்பா."

வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயில் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. 1872-இல் சாதிவாரியாக மக்களைப் பிரித்து உட்காரவைக்க கால்சட்டையின் இரண்டு கால் மாதிரி பிரித்துக் கட்டினார்கள், தடுப்புச் சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. நம் சீர்திருத்தச் சபைப் பக்கமும் சும்மா இருக்கவில்லை. 1847-இல் மதுரை அமெரிக்க மிஷன், சாதியை விட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது, எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டும் என்றது. மறுத்த உபதேசியார்கள், அதாவது மிஷனின் உள்ளூர் ஊழியர்கள், பலரை வேலையிலிருந்து நிறுத்தியது. 1850-இல் சென்னை மிஷனரி மாநாடும் இதே சோதனையைச் சொன்னது. லுத்தரன் லைப்சிக் மிஷன்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. பிரசங்கம் கேட்க ஒரே கோயிலுக்கு வந்தவர்களும் சோற்றில் பிரிந்தார்கள்.

தேரிமணல்:
அக்கா, நான் அப்படி யோசித்ததில்லை. எங்கள் ஊரில் அப்படி இல்லை என்று எழுதத்தான் வந்தேன். எழுதும் முன் அப்பாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "முதல் பந்தியில் யார் யார் இருந்தாங்கன்னு நினைச்சுப் பாரு" என்றார். நினைத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரிதான்.

ஆனால் நீங்கள் சொன்ன வரலாறே என் பக்கம்தானே பேசுகிறது? ஒன்றாக உட்காருவது கடினமாக இருந்ததால்தான் அதைச் சோதனையாக வைத்தார்கள். டப்பா ஒன்றுதான், ஆனால் அது திறக்கும் வீடு வேறு வேறு. மேலத்தெரு தன் வீட்டில், கீழத்தெரு தன் வீட்டில். நம் வெள்ளாளன்விளையில் பிறந்து பின்னாளில் பேராயரான அசரியா 1910-இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் மிஷனரிகளைப் பார்த்து என்ன கேட்டார்? எல்லாம் தந்தீர்கள், நண்பர்களையும் தாருங்கள் என்றார்.

கணக்குப்பிள்ளை:
அந்தப் பேச்சை முழுதும் வாசியுங்கள் தம்பி. கைகுலுக்கலையும் விருந்தையும் தேநீரையும் அவற்றுக்காகவே கேட்கவில்லை என்று அசரியாவே சொல்கிறார்.

தேரிமணல்:
அடுத்த வரியையும் வாசியுங்கள் அண்ணாச்சி. அவை நட்பைக் காட்டுமானால் அத்தனையும் வேண்டும், அதற்கு மேலும் வேண்டும் என்கிறார்.

கணக்குப்பிள்ளை:
சரி, அந்தப் புள்ளி உங்களுக்கு.

பெத்தேல் சகோ:
எங்கள் கூட்டத்திலும் ஒரே தெருக்காரர்கள்தான் அதிகம். இதை இங்கே சொல்லாமல் போனால் எனக்கு நிம்மதி இருக்காது.

கீழத்தெரு மருமகள்:
தேரிமணல் தம்பிக்கு: பந்தி வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. பழைய பந்தி அப்படியே வேண்டாம் என்கிறேன். பார்சலை நிறுத்துவதாக இருந்தால் இரண்டு விஷயம் முதலில் முடிவாகட்டும். ஒன்று, இலைக்கு ஆள் வந்த வரிசையில்தான் இடம். கமிட்டிக்காரர், வாத்தியார், வெளியூரிலிருந்து வந்த பெரியவர் என்று முதல் பந்தியைப் பிடித்துவைக்கக் கூடாது. இரண்டு, பாத்திரம் கழுவும் இடத்தில் மட்டும் எங்களைத் தேடுகிறீர்களே, அடுப்படிக்கும் கூப்பிட வேண்டும். நாங்கள் வைத்த குழம்பை எல்லாரும் சாப்பிட்டால் மற்றதை நான் கேட்கவே மாட்டேன்.

பணம் மட்டும் அனுப்புகிறவன்:
அடுப்படிக்கு யார் யார் என்று பேர் போட்டால் என் தங்கச்சி பேரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நல்லா சமைப்பாள்.

கணக்குப்பிள்ளை:
நான் பழைய ஆள், கணக்கில் பேசுகிறேன். உட்கார்ந்து சாப்பிட வேண்டுமானால் பரிமாறக் குறைந்தது முப்பது பேர் வேண்டும். பந்திக்குப் பந்தி இலை எடுக்க ஆள் வேண்டும். பேசுகிறவர்கள் எல்லாரும் அன்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போதகர் ஐயரோடு போட்டோ எடுக்க நிற்பார்கள். தேரிமணல், உங்கள் வீட்டில் எத்தனை பேர் வருவீர்கள்? அதைச் சொல்லுங்கள் முதலில்.

தேரிமணல்:
நான், தம்பி, சித்தப்பா மகன். மூன்று பேர். தேங்காய் துருவ அம்மாவும் வருவாள். ராத்திரி வேலைக்கும் நிற்கிறோம். வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டியில் பேசப்போகிறேன். அக்கா எழுதிய இரண்டையும் தாளில் எழுதி எடுத்துப் போகிறேன்.

கணக்குப்பிள்ளை:
மூன்று பேர் வந்தால் மீதி இருபத்தேழு பேரைக் கமிட்டி தேடட்டும். வரிசைப்படி இடம் என்பது எனக்குச் சம்மதம். அடுப்படி விஷயத்தில் எங்கள் ஊரிலேயே சத்தம் வரும், ஆனாலும் சம்மதம். சந்தா பாக்கிக்காரருக்கு இலை போடுவதில் மட்டும் நான் இன்னும் இறங்கவில்லை. அந்த இரண்டு மாடி வீட்டுக்காரர் எங்கள் ஊர்ப் பந்தியில் உட்கார்ந்தால் நானே போய் அவர் எதிரில் நின்று கேட்பேன்.

கீழத்தெரு மருமகள்:
கேளுங்கள் அண்ணாச்சி. சாப்பிட்டு எழுந்த பிறகு கேளுங்கள்.