புதுப்பிப்பு: அழுகிய ஹாவொர்த்தியா பிழைத்துவிட்டது

ஐப்பசி மழையில் என் வரிக்குதிரை ஹாவொர்த்தியாவின் (வெள்ளை வரிகள் கொண்ட, சதைப்பற்றுள்ள சின்னச் செடி) அடியிலைகள் கூழாகிவிட்டன, காப்பாற்ற முடியுமா என்று கேட்டிருந்தேன் இல்லையா, முடிந்தது! பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

நீங்கள் சொன்னபடி செடியை வெளியே எடுத்துப் பார்த்தால், நர்சரியில் வைத்த கோகோபீட் (தென்னை நார்த்தூள்) வேரைச் சுற்றி இன்னும் சொதசொதவென்று இருந்தது, மேலே காய்ந்திருந்ததால் வெளியே தெரியவே இல்லை. பழுப்பாகிக் குழைந்த வேர்களை வெட்டி, வெட்டுவாய் ஆறும்வரை சில நாள் நிழலில் காற்றாட வைத்து, அப்புறம் பருமணல், உடைத்த செங்கல் துண்டு, கொஞ்சம் மண்புழு உரம் கலந்து சின்ன மண்தொட்டியில் நட்டேன். இப்போது இலைகள் விறைப்பாக நிற்கின்றன, நடுவில் புதுக்குருத்தும் வந்திருக்கிறது.

மொட்டைமாடி வெயிலில் வைக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். தென்னாப்பிரிக்காவின் கிழக்கு கேப் பகுதியில் இது புதர்களின் நிழலில் வளர்கிற செடி. நம் உச்சிவெயிலில் இலை சிவந்து சுருங்கிவிடும். கிழக்கு ஜன்னல் போதும்.

தண்ணீரை நாள் கணக்கு வைத்து ஊற்றாதீர்கள். ஒரு மரக்குச்சியை அடிவரை குத்தி எடுத்து, ஈரம் ஒட்டாமல் வந்தால் மட்டும் நன்றாக ஊற்றி வடியவிடுங்கள். இது பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறந்து கரியமில வாயுவை எடுக்கிற வகை, அதனால் நீர்ச் செலவு ரொம்பக் குறைவு.

பக்கக்கன்று ஒன்றும் எட்டிப்பார்க்கிறது. அது தனியாக வேர் விடும்வரை பிரிக்கப் போவதில்லை.