தெற்குத்தெரு சொந்தங்கள்: டிசம்பர் 16

மன்னார்குடி பெரியப்பா: 16ஆம் தேதி 1971 பாகிஸ்தான் சண்டைல ஜெயிச்ச நாளுக்கு, அதுல சண்டை போட்ட நம்ம தாத்தா கையால கொடியேத்துறதா பஞ்சாயத்துல சொல்லிட்டேன். காலைல 9 மணி, ஸ்கூல் மைதானம். எல்லாரும் வந்துடுங்க 🙏

திருச்சி அக்கா: அரையாண்டுப் பரீட்சை நடக்குது பெரியப்பா. விடமாட்டாங்க

வலங்கைமான் மச்சான்: மார்கழி ஒண்ணு வேற. பெருமாள் கோயில் ஸ்பீக்கர்ல திருப்பாவை ஓடுறப்ப ஜனகணமன யாருக்குக் கேக்கும்

சென்னை தம்பி: பிளெக்ஸ் ரெடி, பாருங்க (படம்)

திருச்சி அக்கா: டேய், "1971 கார்கில் வெற்றி"யா???

திருச்சி அக்கா: தாத்தா போட்டோவை விட உன் போட்டோ பெருசா இருக்கு

சென்னை தம்பி: மாத்துறேன் மாத்துறேன்

தஞ்சாவூர் சுபேதார் மாமா: கார்கில் 1999. வெற்றி நாள் ஜூலை 26. நம்மளது டிசம்பர் 3ல ஆரம்பிச்சு 16ல முடிஞ்ச சண்டை. டாக்கா ரேஸ்கோர்ஸ்ல நம்ம ஜெனரல் அரோரா முன்னாடி பாகிஸ்தான் ஜெனரல் நியாஸி சரணடைஞ்சு கையெழுத்துப் போட்டப்ப நம்ம நேரம் சாயந்திரம் 4:31. சரணடைஞ்சவங்க சுமார் 93,000 பேர். அதனால நிகழ்ச்சியையும் சாயந்திரம் 4:31க்கே வைங்க. பரீட்சை முடிஞ்சிருக்கும், கோயில் ஸ்பீக்கரும் ஓஞ்சிருக்கும், பனியும் இருக்காது.

வலங்கைமான் மச்சான்: சரியா சொன்னீங்க மாமா

மன்னார்குடி பெரியப்பா: பஞ்சாயத்துல 9ன்னு சொல்லிட்டேனேப்பா

கும்பகோணம் சின்னத்தை: மெடல் டப்பா நம்ம வீட்லதான் இருக்கு. கருத்துக் கிடக்கு. புளி போட்டுத் தேய்ச்சு வெக்கிறேன்

தஞ்சாவூர் சுபேதார் மாமா: ஐயோ தேய்க்காதீங்க! கிழக்குப் பக்கம் சண்டை போட்டதுக்குக் குடுத்த பூர்வி ஸ்டார் வெண்கலம். அந்தக் கருப்புதான் அதோட நிறம். புளி பட்டா திட்டுத் திட்டா செவந்துடும், ரிப்பன்ல கறை ஏறினா போகவே போகாது. காஞ்ச வேட்டித்துணியால ஒத்தி எடுங்க, அது போதும்.

மன்னார்குடி பெரியப்பா: டப்பா அங்க எப்படிப் போச்சுன்னு நான் இப்பக் கேக்கல

கும்பகோணம் சின்னத்தை: கேளுங்களேன். பாகம் பிரிச்சப்ப பரண்ல எலிப்புழுக்கைக்குள்ள கிடந்ததை எடுத்து வெச்சது நான்தான்

மன்னார்குடி பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

வலங்கைமான் மச்சான்: படிச்சிட்டேன் 😂

தஞ்சாவூர் சுபேதார் மாமா: மெடல் இடது மார்புல. பொத்தான் வரிசையை ஒட்டி முதல்ல பூர்வி ஸ்டார், அடுத்து 1971 சண்டைக்கான சங்க்ராம் மெடல், அப்புறம் சுதந்திர 25ஆம் ஆண்டு மெடல். வெறும் சட்டைல குத்தினா கனத்துக்குத் துணி தொங்கிப் போகும், உள்பக்கம் ஒரு அட்டைத்துண்டு வெச்சுக் குத்துங்க. கீழத்தெரு ஆச்சி அவங்க வீட்டுக்காரர் மெடலைப் போட்டுக்கிட்டு வந்தா வலது பக்கம் குத்தணும்.

திருச்சி அக்கா: ஆச்சியைக் கூப்பிட்டாச்சா?

(பதில் இல்லை)

சென்னை தம்பி: 2021ல 50ஆவது வருஷத்தையே பெருசா செஞ்சிருக்கலாம். கொரோனான்னு தள்ளினோம். அப்ப ஊர்ல அந்தச் சண்டைக்குப் போனவங்க மூணு பேர் இருந்தாங்க

திருச்சி அக்கா: ம்

வலங்கைமான் மச்சான்: சொசைட்டில யூரியா வந்துடுச்சா?

மன்னார்குடி பெரியப்பா: நாளைக்காம். ஆதார் எடுத்துட்டுப் போ

தஞ்சாவூர் சுபேதார் மாமா: யூரியாவை அப்புறம் பேசுங்க. கொடி முடிச்சுதான் முக்கியம். தாத்தாவுக்குத் தோள் தூக்க வராது, ஒரே இழுப்புல அவிழணும். 3க்கு 2 அடி கொடி போதும். மரக்குச்சி இருக்கிறது காவிப் பக்கம், அதைக் கப்பிக்குப் போற கயித்துல மாட்டுங்க. பச்சைப் பக்கத்துக் கயிறு கீழ வர்றது. கொடியைச் சுருட்டி, அந்தக் கீழ்க்கயித்தால மேல ஒரே சுத்து சுத்தி, கயித்தை மடக்கிக் கண்ணியா உள்ள செருகணும். நுனியைச் செருகினா இழுக்க இழுக்க இறுகும், எல்லா ஊர்லயும் மானம் போறது இதுலதான். காஞ்ச சாமந்தி இதழ் ரெண்டு கை. ரோஜா வேணாம், ஈரத்துல வெள்ளைல சாயம் இறங்கும். பருத்திக்கயிறு நனைஞ்சா ஊதிப் பிடிச்சுக்கும், அதனால முந்தின நாள் கயித்தை நனைச்சு மூணு தடவை இழுத்துப் பாருங்க. கப்பி துருப்பிடிச்சிருக்கு, கிரீஸ் போடணும்.

வலங்கைமான் மச்சான்: மாமா பரீட்சை வெப்பீங்களா

தஞ்சாவூர் சுபேதார் மாமா: இன்னொண்ணு. கைப்பிடி வெச்ச நாற்காலி போடுங்க. ஜனகணமனவுக்குச் சட்டுனு எழுந்தா தலை சுத்தும். ஒரு நிமிஷம் முன்னாடியே எழுப்பி நிறுத்தணும். பாட்டு 52 விநாடி, அதுவரைக்கும் ஒருத்தர் முழங்கையைத் தாங்கிக்கணும். உட்காருங்கன்னு சொன்னாலும் கேக்கமாட்டார்.

கும்பகோணம் சின்னத்தை: சாயந்திரம்னா சுண்டல். 60 பேருக்கு 3 கிலோ கொண்டைக்கடலை, ராத்திரியே ஊறப்போடணும். தேங்காய் யார் வாங்குறது

திருச்சி அக்கா: தாத்தாகிட்ட யாராவது கேட்டீங்களா?

மன்னார்குடி பெரியப்பா: அவர் என்ன வேணாம்னா சொல்லப்போறார்

திருச்சி அக்கா: இப்பதான் போன்ல பேசினேன். ஆச்சிக்கு முதல் வரிசைல நாற்காலி போட்டாத்தான் வருவாராம்

வலங்கைமான் மச்சான்: போச்சு. வரப்புத் தகராறு

மன்னார்குடி பெரியப்பா: பாக்கலாம்

தஞ்சாவூர் சுபேதார் மாமா: கப்பிக்கு கிரீஸ் போட ஏணி வேணும். 18 அடியாவது இருக்கணும். யார் கொண்டுவர்றது?

சென்னை தம்பி: அந்த மூங்கில் ஏணி?

கும்பகோணம் சின்னத்தை: அது ஆச்சி வீட்லல்ல இருக்கு