ஒரே வீடு, ஒரே ரவுட்டர்: டெஸ்க்டாப்பில் மட்டும் யூடியூப் வரவில்லை

கெடிலக்கரை:

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர். ஒன்று லேப்டாப், இன்னொன்று விண்டோஸ் 10 போட்ட பழைய டெஸ்க்டாப். பையன் இந்த வருடம் பிளஸ் டூ. லேப்டாப் தனக்குத்தான் வேண்டும் என்று வாங்கிக்கொண்டான். இத்தனை நாள் அவன் வைத்திருந்த டெஸ்க்டாப் என் தலையில் விழுந்தது.

இதில் யூடியூப் திறக்கவில்லை. ஃபேஸ்புக் திறக்கவில்லை. நான் வழக்கமாக ஸ்கோர் பார்க்கும் கிரிக்கெட் தளமும் திறக்கவில்லை. பேங்க், ரயில் டிக்கெட், ஜிமெயில், பேப்பர் எல்லாம் ஒழுங்காக வருகிறது. க்ரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டிலும் அதே கதை. லேப்டாப்பில் எந்தத் தகராறும் இல்லை.

2024 கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழையில் தண்ணீர் வாசற்படி வரை வந்தபோது இதைத் தூக்கிப் பரண் மேல் வைத்தோம். நனையவில்லை. ஆனாலும் அதில் ஏதாவது கெட்டிருக்குமோ? பக்கத்தில் ஒரு கடையில் கேட்டேன். பார்க்காமலேயே "ஃபார்மட் அடிச்சிடலாம் சார், 800 ரூபாய்" என்கிறார்கள். அதற்கு முன் இங்கே ஒரு வார்த்தை கேட்கலாம் என்று வந்தேன்.

செம்மண்டலம்:

ரவுட்டரை அணைத்து, பத்து நிமிடம் கழித்துப் போட்டுப் பாருங்கள் சார். எங்கள் வீட்டில் பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும்.

முதுநகர் தம்பி:

அண்ணே, ஒரு ஃப்ரீ விபிஎன் (நம் நெட்டை வேறொருவர் சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் ஆப்) போட்டுவிடுங்கள். எல்லாம் திறக்கும். ரெண்டு நிமிட வேலை.

லாஸ்பேட்டை மெக்கானிக்:

தம்பி, அந்த கம்ப்யூட்டரில்தான் அவர் பேங்க் வேலை பார்க்கிறார். யார் நடத்துவது என்றே தெரியாத ஓசி விபிஎன் வழியாகவா அதை அனுப்புவது? பூட்டு திறக்கவில்லை என்பதற்காகச் சுவரை இடிக்கச் சொல்கிறீர்கள்.

கெடிலக்கரை சார், ஃபார்மட் வேண்டாம். மழையும் காரணமில்லை. பரணில் கிடந்து உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி (சிஆர் 2032) தீர்ந்திருந்தால் தேதி பின்னால் போயிருக்கும். அப்படியானால் பேங்க் தளம்தான் முதலில் "பாதுகாப்பில்லை" என்று கத்தும். உங்களுக்கு அது நன்றாக வருகிறது. ஆகவே கடிகாரம் காரணமில்லை.

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். ஒன்று, திறக்காத பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது? "வரவில்லை" என்றால் போதாது. சின்ன எழுத்தில் கீழே இருப்பதை அப்படியே சொல்லுங்கள். இரண்டு, அந்த கம்ப்யூட்டரை உங்கள் ரவுட்டர் இல்லாமல் இணைத்துப் பாருங்கள். வைஃபை இல்லாத டெஸ்க்டாப் என்றால் லேன் வயரைப் பிடுங்கிவிட்டு, போனை சார்ஜ் வயரால் செருகி, போன் செட்டிங்கில் யூஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். போனில் வைஃபை அணைந்து மொபைல் டேட்டா ஓட வேண்டும், மறக்காதீர்கள்.

"ரெண்டு கம்ப்யூட்டரும் ஒரே ரவுட்டர், அதனால் ரவுட்டர் மேல் தப்பில்லை" என்று சிலர் சொல்வார்கள். அது முழு உண்மையில்லை. குறிப்பிட்ட ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் சில தளங்களை அடைக்க ரவுட்டரிலேயே வசதி உண்டு. அதனால்தான் இந்தச் சோதனை.

கெடிலக்கரை:

செம்மண்டலம் சார் சொன்னதைச் செய்தேன், மாற்றமில்லை. போன் நெட்டில் போட்டேன், அப்போதும் அதே. பக்கத்தில் "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்" என்று வருகிறது, அதுவும் என்டர் தட்டின உடனே. சுற்றிக்கொண்டே இருப்பதெல்லாம் இல்லை.

ஒரு வேடிக்கை. பையன் க்ரோமில் யூடியூப் மியூசிக்கைப் புக்மார்க் செய்து வைத்திருக்கிறான். அது மட்டும் ஜோராகத் திறந்து பாட்டும் பாடுகிறது!

லாஸ்பேட்டை மெக்கானிக்:

அந்த வேடிக்கைதான் சார் விடை.

போன் நெட்டிலும் அதே என்றால் ரவுட்டரை விட்டுவிடுங்கள், கோளாறு கம்ப்யூட்டருக்குள். கேட்டவுடனே மறுக்கிறது என்றால் கேள்வி வீட்டை விட்டு வெளியே போகவே இல்லை. யூடியூப் அடைபட்டு, "மியூசிக் டாட் யூடியூப் டாட் காம்" திறக்கிறது என்றால், அடைத்தது முழுப் பெயரைப் பார்த்து அடைக்கும் ஒரு பொருள். ஹோஸ்ட்ஸ் ஃபைல். தளங்களின் பெயரையும் விலாசத்தையும் குறித்துக்கொள்ள கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும் ஒரு நோட்டு மாதிரி. அதில் ஒரு பெயரை எழுதினால் அந்தப் பெயர் மட்டும்தான் அடைபடும். அதன் கிளைப் பெயர் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுத வேண்டும்.

இணையத்தில் யாரிடமும் விலாசம் கேட்பதற்கு முன்பு கம்ப்யூட்டர் இந்தப் பழைய நோட்டைத்தான் புரட்டும். அதில் யூடியூப்புக்கு நேரே 127.0.0.1 என்று இருந்தால், அது "இதே கம்ப்யூட்டர்" என்று அர்த்தம். தன் வீட்டுக் கதவைத் தானே தட்டிவிட்டு ஆளில்லை என்று திரும்பிவிடும்.

உறுதி செய்துகொள்ள: கமாண்ட் ப்ராம்ப்டை (கட்டளை தட்டும் கறுப்பு ஜன்னல்) திறந்து "பிங்" என்று தட்டி, இடம் விட்டு, டபிள்யூ டபிள்யூ டபிள்யூவோடு யூடியூப் முகவரி. பிறகு அதே முகவரிக்கு "என்எஸ்லுக்அப்". பிங் இந்த நோட்டைப் பார்க்கும். என்எஸ்லுக்அப் நோட்டைப் பார்க்காமல் நேராக டிஎன்எஸ் சர்வரிடம் (தளத்தின் பெயரைச் சொன்னால் நம்பர் விலாசம் தரும் இணைய சர்வர்) கேட்கும். இரண்டும் வேறு வேறு நம்பர் சொன்னால் முடிந்தது கதை.

வில்லியனூர் அக்கா:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டிலும் இதே போலத்தான். மகப்பேறு பற்றிய ஒரு மருத்துவப் பக்கம் என் கம்ப்யூட்டரில் மட்டும் வராது, கணவர் கம்ப்யூட்டரில் வரும். நீங்கள் சொன்னதைப் போட்டுப் பார்த்தேன். எனக்கு பிங், என்எஸ்லுக்அப் இரண்டுமே 0.0.0.0 என்கின்றன. கணவருடையதில் என்எஸ்லுக்அப் ஒழுங்கான நம்பர் தருகிறது.

லாஸ்பேட்டை மெக்கானிக்:

அக்கா, உங்களுடையது வேறு கேஸ். டிஎன்எஸ் சர்வரே பொய் விலாசம் கொடுக்கிறது. நெட்வொர்க் அடாப்டரில் ஐபிவி4 பண்புகளைத் திறந்து டிஎன்எஸ் கட்டத்தைப் பாருங்கள். 1.1.1.3 இருக்கிறதா? இருந்தால் அது கிளவுட்ஃப்ளேர் என்ற இணைய நிறுவனம் 2020-ல் விட்ட குடும்ப வடிகட்டி. ஆபாசத் தளத்தை அடைக்கத்தான் வைத்தது, சில நேரம் மருத்துவப் பக்கத்தையும் சேர்த்துத் தூக்கிவிடும். 1.1.1.1 என்று மாற்றினால் வடிகட்டாது.

வில்லியனூர் அக்கா:

அதேதான்! கடைசி 3-ஐ 1 ஆக்கினேன், வந்துவிட்டது. நன்றி.

கெடிலக்கரை:

பிங் 127.0.0.1 என்கிறது, என்எஸ்லுக்அப் வேறு என்னவோ நீளமாகச் சொல்கிறது. சரி, நோட்டு எங்கே இருக்கிறது? நீங்கள் சொல்வதற்குள் நானே தேடி சி டிரைவ், விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி வரை போய்விட்டேன். நோட்பேடில் திறக்கப் போனால் ஃபோல்டர் காலியாகத் தெரிகிறது.

லாஸ்பேட்டை மெக்கானிக்:

காலியில்லை. அந்த ஃபைலுக்கு டாட் டிஎக்ஸ்டி என்ற வால் கிடையாது, நோட்பேட் வால் உள்ளதை மட்டும் காட்டுகிறது. கீழே "ஆல் ஃபைல்ஸ்" என்று மாற்றுங்கள். ஆனால் முதலில் நோட்பேடை மூடிவிட்டு, ஸ்டார்ட்டில் அதன் மேல் ரைட் கிளிக் செய்து "ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" கொடுத்துத் திறங்கள். இல்லாவிட்டால் சேமிக்க விடாது. திருத்துவதற்கு முன் ஒரு நகல் எடுத்து டெஸ்க்டாப் திரையில் வையுங்கள்.

ஹேஷ் குறியில் தொடங்கும் வரிகளைத் தொடாதீர்கள், அவை வெறும் விளக்கம். குறி இல்லாமல் 127-ல் தொடங்குவதைப் பாருங்கள். நீங்கள் போடாத வரி இருந்தால் வைரஸ் வேலையாகவும் இருக்கலாம், அதனால் அழிப்பதற்கு முன் இங்கே சொல்லுங்கள். அந்த ஃபைலின் "டேட் மாடிஃபைட்" என்ன என்றும் பாருங்கள்.

கெடிலக்கரை:

9 வரி இருக்கிறது சார். யூடியூப் இரண்டு முறை (ஒன்று டபிள்யூ டபிள்யூ டபிள்யூவோடு, ஒன்று இல்லாமல்), ஃபேஸ்புக் இரண்டு, கிரிக்கெட் ஒன்று, மீதி நான்கும் கேம்ஸ். தேதி 2021 ஜூலை.

தேதியைப் பார்த்தவுடனே எனக்கு வியர்த்துவிட்டது. கொரோனா சமயம், பையன் எட்டாவது. ஆன்லைன் கிளாஸ் நடக்கும்போதே பிரவுசரில் பக்கத்து டேப்பில் கார் ரேஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். நான் கத்திக் கத்தி ஓய்ந்து, எதிர்வீட்டில் டிப்ளமோ படித்த பிள்ளையைக் கூப்பிட்டு "எதையாவது பண்ணி நிறுத்துப்பா" என்றேன். அவனும் வந்து, ஐந்து நிமிடம் தட்டி, ஒரு டீ குடித்துவிட்டுப் போனான். வைத்தது நான்தான். சுத்தமாக மறந்துவிட்டேன்.

அழித்தேன். கம்ப்யூட்டர் நினைவில் வைத்திருக்கும் பழைய விலாசங்களை அழிக்க "ஐபிகான்ஃபிக் ஃப்ளஷ்டிஎன்எஸ்" என்று எங்கேயோ படித்ததையும் அடித்தேன். இன்னும் வரவில்லையே?

லாஸ்பேட்டை மெக்கானிக்:

ஃபோல்டரைப் பாருங்கள், "ஹோஸ்ட்ஸ்" என்று இரண்டு இருக்குமே?

கெடிலக்கரை:

ஆமாம்! புதியது டாட் டிஎக்ஸ்டி என்று வாலோடு சேமிப்பாகியிருக்கிறது. பழையது அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அதைத் திறந்து திருத்தி வெறும் "சேவ்" கொடுத்தேன், வாலுள்ளதை அழித்தேன், க்ரோமை மூடித் திறந்தேன். யூடியூப் வந்துவிட்டது. 800 ரூபாய் மிச்சம்.

லாஸ்பேட்டை மெக்கானிக்:

நல்லது. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது சார். பேங்க் வேலை பார்க்கிற கம்ப்யூட்டர், அதையும் கொஞ்சம் கவனியுங்கள்.

கெடிலக்கரை:

சரிங்க. இன்னும் ஒரே ஒரு சந்தேகம். பையனிடம் கேட்டேன், "எனக்கு அப்பவே தெரியும்ப்பா, அதான் மியூசிக் வழியா போனேன்" என்கிறான். அதைக் கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மா, பிளஸ் டூ முடியும் வரை அந்த 9 வரியையும் லேப்டாப்பில் போடச் சொல்கிறார். போடலாமா?

லாஸ்பேட்டை மெக்கானிக்:

தாராளமாக. மியூசிக்கையும் சேர்த்து 10 வரியாகப் போடுங்கள். ஆனால் லேப்டாப்பின் அட்மின் பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கிறது?

கெடிலக்கரை:

அவனிடம்தான்.