கணையக் கட்டிக்கு மின்துடிப்பு: ஊசி இடைவெளியும் அதற்குப் பிந்தைய நாட்களும்

ஊடுகதிர் பிரிவு, சேலம்:
"கரன்ட் வெச்சுக் கட்டியைக் கருக்கிடலாமாங்களே?" ஸ்கேன் படத்தோடு வருகிற குடும்பங்கள் இப்படித்தான் கேட்கின்றன. கருக்குவது மைக்ரோவேவ் முறை. ஐஆர்இ, அதாவது மின்துடிப்பால் செல்லில் மீளாத துளையிடும் முறை, வேறு. 70 முதல் 100 மைக்ரோவினாடித் துடிப்புகள், கட்டியைச் சுற்றிச் செருகும் ஒவ்வொரு மின்முனை ஊசி ஜோடிக்கும் ஏறக்குறைய 90, செல்சவ்வில் மூடாத துளைகளைப் போடுகின்றன. செல் சாகும், ரத்தக்குழாயின் சட்டகம் பெரும்பாலும் தப்பும். குடல் தமனியைச் சுற்றிக்கொண்டு கத்திக்கு எட்டாத, வேறெங்கும் பரவாத கட்டிக்கு, அதுவும் சில மாதக் கீமோவுக்குப் பிறகே, இதை யோசிப்பது அதனால்தான்.

ஊசியின் தடிமன் 19 கேஜ். ஒரு செ.மீ. இடைவெளிக்கு 1500 வோல்ட் என்பது கணக்கு. இயந்திரத்தின் உச்சம் 3000. அப்படியென்றால் 2 செ.மீ. தாண்டினால் நடுவில் மின்புல வலு குறைந்து புற்றுசெல் பிழைத்துக்கொள்ளும். ஊசிகள் இணையாக நிற்காமல் நுனி சாய்ந்தால் இன்னும் மோசம்: நெருங்கிய பக்கம் கரன்ட் எகிறி 50 ஆம்பியரில் இயந்திரம் நிற்கும், விலகிய பக்கம் போதுமான வலுவே கிடைக்காது. சோதனைத் துடிப்பில் 20 ஆம்பியருக்குக் கீழே காட்டினால் ஊசியைத் திரும்பப் பாருங்கள். துடிப்பு போகப்போக ஆம்பியர் ஏறுவது நல்லது. சவ்வு திறந்து தடை குறைகிறது.

மயக்கவியல், சேலம்:
ஊடுகதிர் சார் சொன்னபடி ஊசிகள் இணையாக நிற்பது குலைவதற்கு எங்கள் பக்கமும் ஒரு காரணம் உண்டு. தசைத் தளர்வு அரைகுறையானால் முதல் துடிப்பிலேயே உடம்பு தூக்கிப்போடும், ஊசி நகரும். தளர்வைச் சோதிக்கும் நரம்புத் தூண்டிக் கருவியின் நான்கு தூண்டலுக்கும் கட்டைவிரல் அசையவே கூடாது. துடிப்பு ஈசிஜியில் உயர்ந்து நிற்கும் ஆர் அலைக்கு 50 மில்லிவினாடி கழித்து விழ வேண்டும். தப்பினால் இதயத்துடிப்பு தாறுமாறாகும். பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு வேண்டாம். பித்தக்குழாயில் உலோக ஸ்டென்ட் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், அதைச் சுற்றிச் சூடேறித் திசு வெந்துவிடும்.

புற்றுநோய் மருத்துவம், சேலம்:
"எதிர்ப்பு சக்தியே மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களைப் பார்க்கையில் மனது கனக்கிறது. அடிப்படை உண்மைதான். சூட்டில் புரதம் உருக்குலையும். இங்கே பெருமளவு உருமாறாமல் வெளியே கொட்டுகிறது, சாகும் செல் கசியவிடும் ஏடிபியும் எச்எம்ஜிபி1-உம் அபாய மணி அடிக்கின்றன, ரத்தக்குழாய்கள் திறந்திருப்பதால் எதிர்ப்பு சக்தியின் டி செல்கள் உள்ளே நுழைய வழி இருக்கிறது. கணையப் புற்றைச் சுற்றிக் கோட்டைச் சுவர்போல் நார்த்திசு நிற்கும் நோயில் இது சின்ன விஷயமில்லை. 2019இல் வெளியான எலி ஆய்வில் ஐஆர்இயோடு டி செல்லின் பிரேக்கை விடுவிக்கும் பிடி-1 தடுப்பு மருந்தும் சேர்ந்தபோது, புற்றைக் கொல்லும் சிடி8 வகை டி செல்கள் கட்டிக்குள் பெருகின, எலிகள் கூடுதல் காலம் வாழ்ந்தன. எலியில்தான். மனிதரில், நெதர்லாந்தின் கிராஸ்ஃபயர் ஆய்வு ஐஆர்இயைக் குறிவைத்த கதிர்வீச்சோடு ஒப்பிட்டது; ஐஆர்இ ஆயுளைக் கூட்டியதாகத் தெரியவில்லை. இந்த இரண்டையும் குடும்பத்திடம் சேர்த்தே சொல்ல வேண்டும்.

முதல் சில வாரத்துப் படத்தில் வீக்கத்தால் கட்டி பெரிதாகத் தெரியும், பயந்துவிடாதீர்கள். மஞ்சள் காமாலை இருக்கும்போது சிஏ 19-9 என்ற ரத்தப் புற்றுக்குறியீட்டின் எண்ணை நம்பாதீர்கள்.

செவிலியர், ஏற்காடு:
வீடு திரும்பியபின் நடப்பதைச் சொல்கிறேன். கறுப்பு மலம், ரத்த வாந்தி, குளிர்க்காய்ச்சல், திடீரென வயிறு உப்புவது: இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ரத்தக்கசிவு, கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் சிரையில் உறைவு, குடலில் ஓட்டை, எதுவும் ராத்திரியிலேயே முற்றும். மலையிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும், அதனால் வண்டிக்காரர் எண்ணை முதல் நாளே எழுதி வைத்துவிடுங்கள்.

எண்ணெய் மிதக்கும் மலம் வந்தால் கணைய நொதி போதவில்லை என்று அர்த்தம். நொதி மாத்திரைகள் மொத்தத்தையும் சாப்பாட்டுக்கு முன்பே விழுங்கிவிடுகிறார்கள். முதல் கவளத்தோடு ஒரு பங்கு மாத்திரை, நடுச்சாப்பாட்டில் மீதி. மெல்லக் கூடாது, மாத்திரையைத் திறந்து கொட்டிச் சூடான கஞ்சியிலோ காப்பியிலோ கலக்கக் கூடாது. சித்திரை வெயிலில் சேலத்து தகரக் கூரைக்கு அடியில் டப்பாவை வைத்தால் நொதியின் வீரியம் போய்விடும். தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்து மாடத்தில், ஈரம் படாமல் மூடி வையுங்கள்.