பழைய எலக்ட்ரிக் கிட்டார்: பிரிட்ஜ் பிக்கப் சன்னமாக ஒலிக்கிறது, சின்ன ஸ்விட்ச் எதற்கென்றே தெரியவில்லை

வியாசை_தந்தி:

எல்லோருக்கும் வணக்கம். ராயபுரத்தில் கல்யாணக் கச்சேரிகளுக்கு வாசித்துக்கொண்டிருந்த ஒருவரிடமிருந்து ஒரு எலக்ட்ரிக் கிட்டாரை 4,500 ரூபாய்க்கு வாங்கினேன். ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர்) வடிவம். தலையில் இருந்த கம்பெனிப் பெயரை யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டார்கள். பின்பக்கத் தகட்டிலும் நம்பர் இல்லை. ஆனால் கழுத்து நேராக இருக்கிறது, ஃப்ரெட் அதிகம் தேயவில்லை. அதைப் பார்த்துத்தான் எடுத்தேன்.

தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் மூன்று: கழுத்துப் பக்கமும் நடுவிலும் சிங்கிள் காயில் (ஒரே கம்பிச் சுருள்), தந்தியின் கீழ்முனையைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர் (இரண்டு சுருள் சேர்ந்தது). ஒரு வால்யூம், ஒரு டோன், ஐந்து நிலை ஸ்விட்ச். இரண்டாவது டோன் இருக்க வேண்டிய துளையில் பெரிய வாஷர் வைத்து ஒரு சின்ன டாகிள் ஸ்விட்சை மாட்டியிருக்கிறார்கள். அதை எந்தப் பக்கம் தள்ளினாலும் சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

ஹம்பக்கர் என்றால் கனமாக வரவேண்டும் அல்லவா? இதில் சன்னமாக வருகிறது, கூடவே இரைச்சல். பிரிட்ஜும் நடுவும் சேரும் நிலையில் அடிச்சத்தமே காணாமல் போய், மூக்கால் பேசுவதுபோல் ஆகிவிடுகிறது. தந்தியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறது.

பிக்கப்பும் குமிழ்களும் மாட்டியிருக்கும் முன்பக்கத் தகடான பிக்கார்டைத் திறந்து பார்த்தேன். வால்யூம், டோன் இரண்டு கண்ட்ரோல்களிலும் B500K. பச்சைக் கண்டன்சரில் 2A223J. ஹம்பக்கரிலிருந்து கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, அப்புறம் உறையில்லாத வெறும் கம்பி ஒன்று. வெள்ளையையும் சிவப்பையும் முறுக்கி, அதோடு ஒரு நீல வயரைச் சேர்த்து டேப் சுற்றியிருக்கிறார்கள். நீலம் டாகிளின் நடுக்காலுக்குப் போகிறது.

கடையில் கேட்டால் மூன்று பிக்கப்பையும் மாற்றச் சொல்கிறார்கள், 9,000 ஆகுமாம். மாற்றுவதா? இது என்ன கம்பெனி கிட்டார் என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

எண்ணூர்_ஆம்ப்:

ப்ரோ, பெயரே இல்லாத கிட்டாருக்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பிக்கப், கண்ட்ரோல், ஸ்விட்ச் எல்லாம் வயரோடு பொருத்திய ரெடிமேட் பிக்கார்டு ஆன்லைனில் கிடைக்கிறது. ஜாக்குக்கு இரண்டு வயர், பிரிட்ஜுக்கு ஒரு எர்த் வயர். ஒரு மணி நேரத்தில் வேலை முடியும்.

வண்ணை_ரேடியோ:

தம்பி, ஒன்றையும் கழற்றிப் போட வேண்டாம். எண்ணூர்த் தம்பி சொல்லும் வழி சுலபம்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கிட்டாரில் ஒரு மனிதர் யோசித்து வேலை செய்திருக்கிறார். நாலு வயரும் வெறும் கம்பியும் உள்ள ஹம்பக்கரைப் போட்டு, நடு இணைப்பிலிருந்து தனியாக நீல வயர் இழுத்து, டாகிள் வைத்திருக்கிறார். தேவைப்பட்டால் ஹம்பக்கரின் ஒரு காயிலை மட்டும் பேச வைக்கும் ஏற்பாடு அது. அவர் செய்தது என்ன, இப்போது கெட்டிருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளாமல் 9,000 கொடுப்பதை என்னால் ஏற்கவே முடியாது. வண்ணாரப்பேட்டையில் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பார்ப்பவன் நான். ஈயம் பிடிக்கும் முன் மீட்டர், மீட்டருக்கும் முன் பேப்பரில் படம். எந்த நிற வயர் எந்தக் காலில் இருக்கிறது என்று வரைந்துவிடுங்கள். போனில் போட்டோவும் எடுங்கள், ஆனால் ஒன்றன் கீழ் ஒன்று ஓடும் வயர் போட்டோவில் தெரியாது.

கம்பெனி விஷயம். உள்ளே இருக்கும் சாமான் ஓரளவுக்குத்தான் உதவும். அமெரிக்கக் கண்ட்ரோல் என்றால் முதுகில் எண் குத்தியிருப்பார்கள். 137 என்று தொடங்கினால் சிடிஎஸ் கம்பெனி, 304 என்றால் ஸ்டாக்போல் கம்பெனி. கடைசி நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வருடம், அடுத்த இரண்டு வாரம். 1378512 என்றிருந்தால் 1985, 12ஆம் வாரம். அதுகூட கண்ட்ரோல் தயாரான தேதிதான், கிட்டாரின் தேதி இல்லை. உங்களுடையதில் வெறும் B500K என்றால் அநேகமாக ஆசியத் தயாரிப்பு. கழுத்தைக் கழற்றி அதன் அடிக்கட்டையையும் அது உட்காரும் பள்ளத்தையும் பாருங்கள். முத்திரையோ பென்சில் எழுத்தோ இருந்தால் அங்கேதான் இருக்கும். கண்டன்சரில் 2A என்பது 100 வோல்ட், 223 என்பது 22க்குப் பின் மூன்று சுழியம் பிகோஃபாரட், அதாவது 0.022 மைக்ரோஃபாரட். ஹம்பக்கர் உள்ள கிட்டாருக்குப் பொருத்தமானதுதான், தொட வேண்டாம்.

இப்போது அளந்து பாருங்கள். கிட்டார் கேபிளை ஜாக்கில் சொருகி, மறுமுனையின் நுனியிலும் தண்டிலும் மீட்டர் முனைகளை வையுங்கள். மீட்டர் 20 கே ஓம் நிலையில், வால்யூம் முழுசாக. ஸ்விட்சை ஒவ்வொரு நிலையாக நகர்த்தி எழுதிக்கொள்ளுங்கள். சாதாரண சிங்கிள் காயில் 5 முதல் 7 கே வரை காட்டும். ஹம்பக்கர் 7, 8 கே, சிலது அதற்கும் மேலே. காயில் அறுந்திருந்தால் எதிரில் 500 கே வால்யூம் கண்ட்ரோல் மட்டும்தான் மிஞ்சும், 20 கே நிலையில் அளவு தாண்டியதாகக் காட்டும். பிரிட்ஜில் டாகிளை இரண்டு பக்கமும் தள்ளி அளக்க மறக்காதீர்கள்.

பெரம்பூர்_சவுண்ட்:

தம்பி, இரைச்சலைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். பெரம்பூர், அயனாவரம் பக்கம் மாதா கோயில் திருவிழாவுக்கும் கானா மேடைக்கும் சவுண்ட் பார்க்கிறேன். தந்தியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறது என்றால் பிரிட்ஜின் எர்த் வயர் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம், அது பழுது இல்லை. சிங்கிள் காயிலுக்கு 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் கூடவே பிறந்தது. சீரியல் லைட் பக்கத்தில் நின்றால் அதிகமாகும், திரும்பி நின்றால் குறையும்.

நான் பயப்படுவது வேறு விஷயத்துக்கு. தந்தி, பிரிட்ஜ், கேபிள், ஆம்ப் எல்லாம் ஒரே எர்த்தில் சேர்கிறது. மைக் வேறு இணைப்பிலிருந்து வந்து, எர்த் சரியில்லாமல் இருந்தால், கையில் தந்தியும் உதட்டில் மைக்குமாக நிற்பவர் உடம்பு வழியாகக் கரண்ட் போகும். இரைச்சலைக் குறைக்கிறேன் என்று ப்ளக்கின் எர்த் காலை வெட்டி எடுக்கும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். வீட்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சோதியுங்கள்.

வியாசை_தந்தி:

ரொம்ப நன்றி அண்ணே, நன்றி அக்கா. அளந்துவிட்டேன். கழுத்து 5.9 கே, நடு 5.8 கே, பிரிட்ஜ் 4.1 கே. டாகிளை எந்தப் பக்கம் தள்ளினாலும் அதே 4.1. கழுத்தின் அடிக்கட்டையில் பென்சிலில் ஏதோ எழுதி அழிந்திருக்கிறது, படிக்க முடியவில்லை.

வண்ணை_ரேடியோ:

4.1 என்ற எண்ணிலேயே பதில் இருக்கிறது. அது ஹம்பக்கரின் பாதி. ஒரு காயில் எப்போதும் எர்த்தோடு ஒட்டிக்கொண்டு ஊமையாகிவிட்டது, மற்றது மட்டும் பேசுகிறது. சன்னமும் இரைச்சலும் அதனால்தான். பிக்கப் நன்றாக இருக்கிறது தம்பி!

ஒட்டியிருக்கும் இடம் இரண்டில் ஒன்று. மீட்டரை பீப் நிலையில் வைத்து, ஒரு முனையை வெள்ளை-சிவப்பு இணைப்பிலும் மறுமுனையை வால்யூம் முதுகிலும் வையுங்கள். டாகிளிலிருந்து நீல வயரை எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். பீப் நின்றால் டாகிள்தான் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது. நிற்கவில்லை என்றால் இணைப்பே எதன்மீதோ படுகிறது. எனக்கு டேப் மேல்தான் சந்தேகம். நம்ம ஊர் வெயிலில் இன்சுலேஷன் டேப்பின் பசை இளகி வழுக்கிவிடும். உள்ளே இருக்கும் முறுக்கு, பக்கத்தில் ஓடும் வெறும் கம்பியைத் தொட்டுவிடும். பழைய டேப்பை உரித்து, பிசுக்கைத் துடைத்து, ஈயம் வைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். மறுபடி டேப் சுற்ற வேண்டாம்.

நடுவோடு சேரும்போது வரும் மூக்குச் சத்தம் தனிக் கதை. இரண்டு பிக்கப்பின் திசை ஒன்றுக்கொன்று எதிராக இருக்கிறது. முள் மீட்டர் இருந்தால் டிசியில் மிகக் குறைந்த அளவில் வைத்து, அதே கேபிள் முனையில் பிடித்துக்கொண்டு, ஸ்க்ரூடிரைவரைப் பிக்கப்பின் இரும்பு முனையில் ஒட்டி வெடுக்கென்று எடுங்கள். முள் எந்தப் பக்கம் துள்ளுகிறது? நடுப் பிக்கப்பில் ஒரு பக்கமும் பிரிட்ஜில் மறுபக்கமும் துள்ளினால் ஹம்பக்கரின் கறுப்பையும் பச்சையையும் இடம் மாற்றுங்கள். வெறும் கம்பி எர்த்திலேயே இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. கறுப்பு சூடு (சிக்னல் போகும் வயர்), பச்சை எர்த், வெள்ளையும் சிவப்பும் நடு என்பது சீமோர் டங்கன் என்ற பிக்கப் கம்பெனியின் முறை. டிமார்சியோ கம்பெனி பிக்கப்பில் சிவப்பு சூடு, பச்சை எர்த், கறுப்பும் வெள்ளையும் நடு. பெயரில்லாத பிக்கப்பில் நிறத்தை நம்பாமல் எந்த இரண்டு வயருக்கு நடுவில் 4 கே காட்டுகிறது என்று பார்த்து ஜோடி சேர்ப்பதுதான் நம்பகம்.

வியாசை_தந்தி:

அண்ணே, டேப்தான்! உரித்தபோது கறுப்புப் பிசின் விரலில் ஒட்டியது, சிவப்பு வயரின் ஒரு இழை வெளியே நீட்டிக்கொண்டு வெறும் கம்பியில் பட்டுக்கொண்டிருந்தது. ஸ்லீவ் போட்டேன். இப்போது 8.1 கே, டாகிளைத் தள்ளினால் 4.1. ஹம்பக்கர் சத்தம் நெஞ்சில் இடிக்கிறது! முள்ளும் நீங்கள் சொன்ன மாதிரி எதிர்ப்பக்கம் துள்ளியது. கறுப்பு-பச்சை மாற்றியதும் மூக்குச் சத்தம் போய்விட்டது.

இன்னும் இரண்டு விஷயம். வால்யூமைத் திருப்பினால் 10இலிருந்து 3 வரை பெரிய மாற்றம் தெரியவில்லை, அதற்குக் கீழே திடீரென்று விழுகிறது. கழுத்துப் பிக்கப் கொஞ்சம் கூர்மையாகக் காதைக் குத்துகிறது.

வண்ணை_ரேடியோ:

ரொம்ப சந்தோஷம் தம்பி. உங்களுக்கு முன்னால் அதை வைத்திருந்தவரின் வேலை வீண் போகவில்லை.

B என்பது சீராக ஏறும் வகை, காது அதை அப்படிக் கேட்காது. வால்யூமுக்கு, காது கேட்கும் விதத்துக்கு ஏற்ப ஏறும் A வகையில் A500K வாங்குங்கள். கவர்மென்ட் எஸ்டேட் மெட்ரோவில் இறங்கினால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவுக்கு நடந்தே போகலாம். பழைய கண்ட்ரோலைக் கையில் எடுத்துப் போங்கள். ஆசிய வகைக் கண்ட்ரோலின் மரை உள்ள கழுத்து 8 மில்லி துளையில் நுழையும், அமெரிக்க வகைக்கு 9.5 மில்லி வேண்டும், பிக்கார்டை ராவ வேண்டியிருக்கும். தண்டில் பல் வெட்டும் வேறு, பழைய குமிழ் ஏறாமல் போகலாம்.

கூர்மைக்குக் காரணம் 500 கே. சிங்கிள் காயிலுக்கு வழக்கமாகப் போடுவது 250. ஹம்பக்கருக்காக 500ஐ வைத்துக்கொண்டே, ஐந்து நிலை ஸ்விட்சில் கழுத்துப் பிக்கப் வரும் காலிலிருந்து எர்த்துக்கு ஒரு 470 கே ரெசிஸ்டர் போடுங்கள். அந்தப் பிக்கப்புக்கு மட்டும் ஏறக்குறைய 242 கே ஆகிவிடும். நடுவுக்கும் வேண்டுமென்றால் இன்னொன்று. ரெசிஸ்டர் சில்லறைக் காசுதான், பத்தாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ட்ரோல் முதுகில் ஈயம் பிடிக்க 25 வாட் அயர்ன் திணறும், 40 வாட் நல்லது. ராவிப் பளபளப்பாக்கி, ரோசின் ஃப்ளக்ஸ் தொட்டு, சட்டென்று வைத்து எடுங்கள். ரொம்ப நேரம் சுட்டால் உள்ளே இருக்கும் கரித் தடம் கெட்டுவிடும். அந்த ஐந்து நிலை ஸ்விட்சை அருகில் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், எந்தக் காலில் ரெசிஸ்டர் வைப்பது என்று குறித்துத் தருகிறேன்.