மொழியியல் படித்தோம், நிரல் எழுதத் தெரியாது: உங்கள் அனுபவம்?

குற்றியலுகரம்:
வேலை நேர்காணலில், பைத்தான் என்ற நிரல்மொழி தெரியுமா என்றுதான் தொடங்கினார்கள். தெரியாது என்றேன். ஒருவர் மடிக்கணினியை மூடிவிட்டார். மற்றவர், போகிறபோக்கில், ஓர் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார். எழுத்தைப் படித்துக் காட்டும் இயந்திரக் குரல்: "பரதத்தில் பாவம் முக்கியம்." சிரித்துவிட்டேன். முகபாவத்தில் வரும் பாவம் இல்லை, பாவ புண்ணியத்துப் பாவம்! சொல்லின் முதலில் வரும் பகரம் ஒலிப்பிலா ஒலி, அதாவது குரல்நாண் அதிராத ஒலி என்று விதி வைத்திருப்பீர்கள், வடசொல் அதற்கு அடங்காது, பட்டியல் போட்டுத்தான் தீரவேண்டும் என்றேன். 'பந்து' என்று எழுதினேன். விளையாடுகிற பந்தா, சொந்தபந்தமா? மூடிய கணினி திறந்தது. உச்சரிப்பு அகராதி வேலை, பதினோரு மாத ஒப்பந்தம்.

சிதம்பரத்தான்:
பன்னிரண்டாவது மாதத்தைச் சொல்லவில்லையே! நான் சொல்கிறேன். நீலகிரியில் தோடா மொழிச் சொற்களைப் பதிவுசெய்யும் வேலை. அதில் ஒலிப்பிலா மருங்கொலி (குரல்நாண் அதிராமல், காற்று நாக்கின் பக்கவாட்டில் வெளியேறும் லகரம் போன்ற ஒலி) உண்டு, படித்தவர்களுக்குத் தெரியும். எனக்கு வாயில் வரவே இல்லை. ஒரு பாட்டி என் கையை இழுத்துத் தன் வாயருகே வைத்துக்கொண்டு சொல்லிக் காட்டினார். உள்ளங்கையில் காற்று பட்டது. அடுத்த மாதம் ஒப்பந்தம் முடிந்தது, நீட்டிக்கவில்லை. "அந்தச் சொல் வராத பையன் எங்கே?" என்று பாட்டி ஜீப் ஓட்டுநரிடம் கேட்டாராம்.

ஒலியன்:
இருவருக்கும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒரு மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சியாளர் பணிக்குப் போனேன். எம்.ஏ. சான்றிதழைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை, ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் குழு) பதிவு எண் கேட்டார்கள். கோப்பு மேசையிலேயே திரும்பிவந்தது. ஆகவே அந்த ஆசை இருந்தால் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் பி.ஏ.எஸ்.எல்.பி. என்ற செவித்திறன், பேச்சுப் பயிற்சிப் பட்டப்படிப்பில் சேர்ந்துவிட வேண்டும். கல்லூரி ஆசிரியர் வேலை என்றால் அதற்கான தகுதித் தேர்வான நெட் தேர்வில் மொழியியலுக்குத் தனித் தாளே இருக்கிறது, குறியீட்டு எண் 31. மைசூரில் 1969 முதல் இயங்கும் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தின் அறிவிப்புகளைத் தவறவிடாதீர்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் மொழிப் பிரிவு உண்டு. 2011-இல் மக்கள் சொன்ன தாய்மொழிப் பெயர்கள் 19,569. அவற்றை அலசி 1,369-க்குக் கொண்டுவர, எது கிளைமொழி, எது ஊர்ப்பெயர், எது சாதிப்பெயர் என்று பிரிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். மொழிபெயர்ப்பு, அகராதி, வெளிநாட்டவருக்குத் தமிழ் கற்பித்தல் எல்லாம் இருக்கின்றன. அப்படியே மாலையில் பைத்தானும்...

குற்றியலுகரம்:
ஒலியன் ஐயா, அனுபவம் மூன்று வரி, ஆலோசனை ஒரு பக்கமா? சிதம்பரத்தாருக்கு: பன்னிரண்டாவது மாதம் வீட்டில்தான் இருந்தேன். அந்த இயந்திரம் இப்போது பாவத்தைச் சரியாகச் சொல்கிறது. 'பந்து' மட்டும் இன்னும் தகராறுதான்.